எட்டாம் நாளின் எண்ணைக் கேளுங்கள்

கைப்பேசியில் ஒரு விளையாட்டைப் பதிவிறக்குபவர்களில் பெரும்பாலோர் மறுநாள் அதைத் திறப்பதே இல்லை. தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் இதைக் கேட்டு வியக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு விடிந்ததும் பார்க்கும் முதல் எண்ணே இதுதான். நேற்று வந்த நூறு பேரில் இன்று எத்தனை பேர்? ஏழாம் நாள் எத்தனை பேர்? முப்பதாம் நாள்? இதற்கு 40, 20, 10 என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. மறுநாள் 40 சதவீதம், ஏழாம் நாள் 20, முப்பதாம் நாள் 10 சதவீதம் பேர் மிஞ்சினால் அந்த விளையாட்டு பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். முதலீட்டாளர்களோடு எந்தக் கூட்டம் நடந்தாலும் அந்த மூன்று எண்களும் அழையாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியாகும் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அவற்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

விளையாட்டுகளின் தரவுகளைப் படித்துச் சொல்வது என் பிழைப்பு. தக்கவைப்பு விகிதம் என்று நாங்கள் சொல்லும் இந்த எண்ணின்மேல் எனக்கு மரியாதை உண்டு, பக்தி கிடையாது. ஒருவர் செயலியைத் திறந்தாரா என்று கேட்டால் அது சரியாகச் சொல்லும். ஆசைப்பட்டுத் திறந்தாரா, பயந்து திறந்தாரா, கைதவறித் திறந்தாரா என்று கேட்டால் வாய் திறக்காது. ஆனால் உலகம் முழுவதும் விளையாட்டுகளைத் தயாரிக்கும் ஸ்டூடியோக்கள் அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலாகத்தான் இதைப் படிக்கின்றன.

இந்த எண்களை நாங்கள் அடுக்கிவைக்கும் அட்டவணையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பார்வைக்கு அது ஒரு முக்கோணம். இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாகத் தேதிகள், மேலே குறுக்காக முதல் நாள், இரண்டாம் நாள் என்று நாட்கள். சேர்ந்த நாளுக்கு மறுநாளைத்தான் முதல் நாள் என்போம். ஒவ்வொரு வரிசையும் ஒரு தேதியில் சேர்ந்தவர்களுடையது. பழைய தேதிகளுக்கு நீண்ட வரிசை இருக்கும், நேற்றைய தேதிக்கு ஒரே ஒரு கட்டம். நிறையப் பேர் திரும்பியிருந்தால் கட்டம் அடர்பச்சை, குறையக் குறைய வெளிர்பச்சை. பழகிய கண் எண்களைப் படிப்பதற்கு முன் நிறத்தைப் படித்துவிடும். ஒரு வரிசை மட்டும் இடமிருந்து வலம்வரை வெளுத்துக் கிடந்தால், அன்றைக்கு யாரோ மலிவான விளம்பரம் வாங்கி ஆட்களைக் கொட்டியிருக்கிறார்கள். மேலிருந்து கீழாக ஒரு நெடுவரிசை வெளுத்திருந்தால், சேர்ந்த மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் ஓர் இடம் விளையாட்டுக்குள் இருக்கிறது. கடினமான ஒரு லெவலாக இருக்கலாம், இலவசமாகக் கொடுத்த காசு தீர்ந்துபோகும் இடமாகவும் இருக்கலாம். மூலைவிட்டமாக ஒரு கோடு வெளுத்திருந்தால்? மூலைவிட்டம் என்பது நாட்காட்டியின் ஒரு குறிப்பிட்ட நாள். சேர்ந்த தேதி எதுவாக இருந்தாலும் அன்றைக்கு எல்லோரும் குறைந்திருக்கிறார்கள். சர்வர் படுத்திருக்கும், அல்லது பெரிய அப்டேட் ஒன்று வந்திருக்கும்.

கிழமைகளின் விளையாட்டு தனி. வெள்ளிக்கிழமை சேர்ந்தவருக்கு மறுநாள் சனி, ஞாயிறு சேர்ந்தவருக்கு மறுநாள் திங்கள். ஓய்வு நாளில் விழும் மறுநாளையும் வேலை நாளில் விழும் மறுநாளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகாது. ஏழாம் நாளுக்கு இந்தத் தொல்லை இல்லை, சேர்ந்த கிழமையே திரும்ப வந்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 7, 14, 28 என்று பார்க்கிறார்கள். முப்பதாம் நாள் என்பது உருண்டையான எண் என்பதைத் தவிர அதற்கென்று தனிச் சிறப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நேரக் கணக்கில் இதைவிடப் பெரிய வேடிக்கை இருக்கிறது. பல நிறுவனங்களில் சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடும். அங்கே நள்ளிரவு தாண்டினால் 'அடுத்த நாள்' பிறந்துவிடும். கிரீன்விச் நள்ளிரவு என்பது டோக்கியோவிலும் சியோலிலும் காலை 9 மணி, பிரேசிலின் சாவ் பாவ்லோவில் இரவு 9 மணி. சாவ் பாவ்லோவில் ஒருவர் இரவு 8.40க்கு விளையாட்டைப் பதிவிறக்கி, சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டு, 9.10க்கு மறுபடி திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டிக் கணக்கில் அவர் மறுநாளும் வந்தவர். பிரேசிலில் ஊரே கைப்பேசியைக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் சர்வரின் தேதி மாறுகிறது. ஐரோப்பாவின் மேற்கில் அது மாறும்போது பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்க ஆட்டக்காரர்கள் மிகுந்த விசுவாசிகள் என்று வண்ணப் படங்களோடு விளக்கிய ஓர் அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் சேர்ந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரத்தை எண்ணி அதே கணக்கைப் போட்டபோது, அந்த விசுவாசத்தில் நல்லதொரு பகுதி கரைந்துபோனது. நாடுகளை ஒப்பிடும் எந்த அறிக்கையைக் கொடுத்தாலும், 'நாள்' எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்கிறேன்.

இனி விளையாட்டு வகைகள். வகையைச் சொல்லாமல் தக்கவைப்பைப் பேசுவதில் பயனில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு காரணத்துக்காக ஆளைத் திரும்ப அழைக்கிறது.

காத்திருக்க வைப்பதுதான் இருப்பதிலேயே பழைய உத்தி. 2009இல் ஃபேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில்லில் ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டால் நான்கு மணி நேரத்தில் விளையும். விளைந்ததைக் காலத்தில் பறிக்காவிட்டால் வாடிவிடும். அந்த வாடல்தான் அங்கே வேலை செய்தது. பழம் கிடைக்கும் என்ற ஆசையைவிட, நட்டது வீணாகிவிடும் என்ற பதைப்பு ஆளை அலுவலகத்திலும் எழுப்பி உட்கார்த்தியது. கேண்டி க்ரஷ் சாகா 2012இல் கைப்பேசிக்கு வந்தபோது இதையே மென்மையாக்கிக்கொண்டது. ஐந்து உயிர்கள் கொடுக்கும், ஒன்று போனால் மறுபடி ஊற அரை மணி நேரமாகும். மொத்தமும் போய்விட்டால் முழுதாக நிரம்ப இரண்டரை மணி நேரம். எதுவும் அழுகாது, யாரும் திட்ட மாட்டார்கள். ஆடுபவர் சலித்துப்போவதற்கு முன்னால் விளையாட்டே அவரை வெளியே அனுப்பிவிடுகிறது. 'போதும்' என்று ஆட்டக்காரர் சொல்வதற்கும் 'இப்போதைக்குப் போதும்' என்று விளையாட்டு சொல்வதற்கும் மறுநாள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் உண்டு.

தோற்கும் கணத்தையும் கவனியுங்கள். நகர்வுகள் தீர்ந்துவிட்டன, உடைக்கவேண்டிய ஜெல்லி இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. திரை உடனே 'தோற்றுவிட்டீர்கள்' என்று சொல்லாது. எவ்வளவு பாக்கி என்பதைக் காட்டி, தங்கக் கட்டிகள் கொடுத்தால் ஐந்து நகர்வுகள் தருகிறேன் என்று கேட்கும். மயிரிழையில் தவறியவன் மறுபடி முயல்வான் என்பது சூதாட்ட மேசைக்கு வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். புதிர் விளையாட்டில் அடுத்த முயற்சியில் திறமையாலும் கொஞ்சம் ஆகும். அந்தக் கொஞ்சம் இருப்பதால்தான் வருடக்கணக்காக ஆடுபவர்கள் தங்களை ஏமாளிகளாக நினைத்துக்கொள்வதில்லை.

வியூக விளையாட்டுகள் வேறு தளம். ஹெல்சிங்கியின் சூப்பர்செல் 2012இல் வெளியிட்ட க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதுவும் காத்திருப்பு வியாபாரம் என்றுதான் நினைப்பார்கள். கட்டடம் எழும்ப மணிக்கணக்கு, பிறகு நாட்கணக்கு, படை திரட்ட நேரம், அவசரமென்றால் ரத்தினக் கற்கள். ஆனால் 2014இல் கிளான் போர்கள், அதாவது ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுக்களுக்கிடையேயான போர்கள், வந்தபிறகு அதன் பிடி வேறு இடத்துக்கு நகர்ந்தது. ஒரு நாள் ஆயத்தம், ஒரு நாள் போர். போரில் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இரண்டு தாக்குதல்கள். நீங்கள் தாக்கவில்லையென்றால் அந்த இரண்டும் பயன்படாமல் கிடப்பது கிளானில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். வெற்றிக் கணக்கில் ஒரே ஒரு நட்சத்திர வித்தியாசத்தில் போர் தோற்ற அன்று, பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே இரண்டு தாக்குதல்களும் மிச்சமிருந்தால் அரட்டைப் பெட்டியில் என்ன எழுதுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முகமறியாத அந்த மனிதர்களில் பாதிப்பேர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் பஸ்ஸில் போகும்போது, போர் முடிய இருபது நிமிடம் இருக்கையில், இணையம் விட்டுவிட்டு வரும் இடத்தில் தாக்குதலைத் தொடங்கலாமா வேண்டாமா என்று நெஞ்சு படபடக்கும்.

இந்த இடத்தில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆளை ஆண்டுக்கணக்கில் தக்கவைப்பது இன்னோர் ஆள்தான். பரிசு, பயிர், உயிர், ரத்தினம் எல்லாம் வாரக்கணக்குக்குத் தாங்கும். இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல சாட்சி க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸே. 2022இல் படை திரட்டும் செலவை எடுத்தார்கள். 2025இல் படை திரட்டக் காத்திருக்கும் நேரத்தையும் எடுத்தார்கள். பத்தாண்டுக்கு மேலாக அந்த விளையாட்டின் முதுகெலும்பு என்று நாம் நினைத்த ஒன்றை உருவிப் போட்டும் உடம்பு நின்றது. அப்படியானால் அது முதுகெலும்பாக இருந்ததே இல்லை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பத்து விநாடியில் புரிந்து பத்து நிமிடத்தில் அலுக்கும் சிறு விளையாட்டுகள் விளம்பரக் காசில் ஓடுபவை. அவற்றின் கணக்கு முதல் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும், முப்பதாம் நாளைப் பற்றி அவற்றிடம் கேட்பதே வீண். குலுக்கல் முறையில் பாத்திரங்களைத் தரும் காச்சா விளையாட்டுகளில் நிலைமை தலைகீழ். முதல் வாரத்தில் கூட்டம் மளமளவென்று கழிந்துவிடும், மிஞ்சியவர்கள் ஆண்டுகள் கடந்தும் இருப்பார்கள். புதிய பாத்திரம் எப்போது வருகிறது என்பதுதான் அவர்களது நாட்காட்டி.

நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடு பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஜப்பானியர்கள் பொறுமைசாலிகள், கொரியர்கள் போட்டிக்காரர்கள், அமெரிக்கர்களுக்கு அவசரம் என்று ஆளாளுக்கு ஒரு கலாச்சார விளக்கம் வைத்திருப்பார்கள். இவற்றில் ஒன்றிரண்டு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்துக்குப் போவதற்குமுன் கையில் இருக்கும் கைப்பேசியைப் பார்க்க வேண்டும்.

பப்ஜி மொபைல் 2018இல் உலகெங்கும் வந்தது. ஒரே தீவில் நூறு பேர், ஓர் ஆட்டம் முடிய அரை மணி நேரம் ஆகலாம். அதற்குச் சில மாதங்கள் முன்பே சிங்கப்பூரின் கரீனா வெளியிட்ட ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், ஆட்டம் சுமார் பத்து நிமிடம், விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடும் அளவுக்கு இலகுவான வரைகலை. பிரேசிலிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் ஃப்ரீ ஃபயர் வேர்விட்டதற்கு அந்த ரசனை இந்த ரசனை என்று தேடவேண்டிய அவசியமில்லை. பழைய பேட்டரி சூடேறி அணைவதற்குள் ஆட்டம் முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு செயலியின் அளவு 6 மெகாபைட் கூடும்போதெல்லாம் பதிவிறக்கி முடிப்பவர்களின் விகிதம் ஒரு சதவீதம் குறைகிறது என்று கூகிள் ப்ளே 2017இல் எழுதியது. அது விளையாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே நடக்கும் இழப்பு. நுழைந்தபிறகு நடப்பதைப் பலரும் கணக்கிலெடுப்பதில்லை.

சேமிப்பு இடம் குறைந்த கைப்பேசியில் புதிதாக ஒரு வீடியோ எடுக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை அழித்தாக வேண்டும். இருப்பதில் பெரியது விளையாட்டுதான். அழித்தவர் சலித்து அழிக்கவில்லை, அடுத்த மாதம் மறுபடி பதிவிறக்கப்போகிறார். பெயர் பதியாமல் விருந்தினர் கணக்கில் ஆடியிருந்தால், எங்கள் அட்டவணையில் அவர் ஒருமுறை 'விட்டுப்போனவர்', இன்னொருமுறை 'புதிதாய் வந்தவர்'. எதிர்ப்பக்கத்தில், ஒரே கைப்பேசியில் அக்காவும் தம்பியும் அப்பாவும் மாற்றி மாற்றி ஆடும் வீடுகள் உண்டு. அங்கே மூன்று பேரின் அரைகுறை ஆர்வம் சேர்ந்து ஒரு தீவிர ஆட்டக்காரராகத் தெரியும். முன்பணம் கட்டி அளந்து இணையம் வாங்குபவர்கள் நிறைந்த நாடுகளில், நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவில் ஓர் அப்டேட் வந்தால் நான் முன்பு சொன்ன அந்த மூலைவிட்டம் பளிச்சென்று வெளுக்கும். வைஃபை கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து 'புதிய அம்சம் அந்த நாட்டில் எடுபடவில்லை' என்று முடிவுகட்டுபவர்களை என்ன செய்வது!

அதற்காகக் கலாச்சாரத்துக்கு இதில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அணி அணியாக மோதும் மொபைல் லெஜண்ட்ஸ் 2016இல் வந்தது. 2019இல் பிலிப்பைன்ஸ் நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் அது பதக்கத்துக்குரிய போட்டியாக இருந்தது, தங்கமும் பிலிப்பைன்ஸுக்கே போனது. நாட்டின் கொடியோடு சேர்ந்துவிட்ட ஒரு விளையாட்டை யாரும் வெறும் செயலியாக அழித்துவிடுவதில்லை. டென்மார்க்கில் உருவான ஓட்ட விளையாட்டு சப்வே சர்ஃபர்ஸ் 2013 முதல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை பின்னணி நகரம் மாறும், ஓட்டம் மட்டும் அதே ஓட்டம். தன் நகரம் வரும்போது திறந்து பார்க்காதவர் யார்?

கைப்பேசிக்கும் கலாச்சாரத்துக்கும் அடுத்தபடியாகச் சட்டம் வருகிறது. சில நாடுகளில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எண்ணை வளைக்கிறது. சீனாவில் 2021 செப்டம்பர் முதல் 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டுகளை ஆடலாம். உண்மைப் பெயரில் பதிவு கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை இரவு சேரும் ஒரு பதினைந்து வயதுப் பையன் இடையில் விடுமுறை வராவிட்டால் அடுத்து வரக்கூடியது வெள்ளிக்கிழமைதான். அவனுடைய முதல் நாள் தக்கவைப்பு சட்டப்படியே பூஜ்யம். ஏழாம் நாள் மறுபடி ஞாயிறு, அன்றைக்கு அவன் வரலாம். முதல் நாளைவிட ஏழாம் நாள் அதிகமாக இருக்கும் ஒரு வரைபடத்தை வேறெங்கும் காண்பது அரிது. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை இணைய விளையாட்டுகளைப் பூட்டியது. அது முக்கியமாகக் கணினி விளையாட்டுகளுக்குத்தான், பத்தாண்டு கழித்து அதை நீக்கிவிட்டார்கள். ஜப்பானில் 2012இல், குலுக்கலில் கிடைப்பவற்றை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் அரிய பரிசு என்ற 'கொம்பு காச்சா' முறை சட்டவிரோதம் என்று நுகர்வோர் விவகார முகமை அறிவித்தது. தொகுப்பில் ஒன்று குறைகிறதே என்று தினமும் வந்துகொண்டிருந்தவர்களைக் கட்டிவைத்த கயிறு அது. அறுந்தபிறகும் அந்த நாட்டின் காச்சா விளையாட்டுகள் செழித்தே இருந்தன, பெல்ஜியமோ 2018இல் கட்டண லூட் பாக்ஸையே, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் பெட்டியையே, சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

இந்தச் சட்டக் கதைகளில் எனக்கு மிகவும் சுவாரசியமானது நிறைவேறாத ஒன்று. 2023 டிசம்பர் 22 அன்று சீனாவின் ஒழுங்குமுறை அமைப்பு ஒரு வரைவு விதியை வெளியிட்டது. தினமும் உள்நுழைந்தால் பரிசு, முதன்முறை பணம் கட்டினால் பரிசு, தொடர்ந்து கட்டினால் பரிசு ஆகிய மூன்றையும் தடைசெய்யும் யோசனை அதில் இருந்தது. அன்றைக்கே அந்நாட்டின் பெரிய விளையாட்டு நிறுவனங்களில் டென்சென்ட் பங்கு 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, நெட்ஈஸ் அதைப்போல் இரண்டு மடங்கு. அடுத்த மாதம் அந்த வரைவு இணையதளத்திலிருந்து காணாமல் போனது. பங்குச் சந்தை அவ்வளவு பதறியதற்குப் பல காரணங்கள் உண்டு, கட்டுப்பாடு இன்னும் இறுகும் என்ற பயம் அவற்றில் முதன்மையானது. ஆனாலும் தினமும் காலையில் கிடைக்கும் பத்து நாணயப் பரிசு அந்தப் பட்டியலில் இருந்ததைப் பாருங்கள். அது எவ்வளவு கனமான தூண் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தப் பரிசுத் திரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழு கட்டங்கள், முதல் ஆறில் சில்லறை, ஏழாவதில் பளபளக்கும் பெட்டி. முதல் கட்டம் நீங்கள் வரும்போதே டிக் செய்யப்பட்டிருக்கும். இதற்கு ஓர் ஆய்வுப் பின்புலமும் உண்டு. 2006இல் நூனஸ், ட்ரெஸ் என்ற இருவர் ஒரு கார் கழுவுமிடத்தில் முத்திரை அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு எட்டு முத்திரை வேண்டிய வெற்று அட்டை, இன்னொரு பிரிவினருக்குப் பத்து முத்திரை வேண்டிய அட்டையில் இரண்டு முன்கூட்டியே குத்தியிருந்தது. இருவரும் கழுவவேண்டியது எட்டு முறைதான். வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதமும் இரண்டு முத்திரைக்காரர்களில் 34 சதவீதமும் முடித்தார்கள். தொடங்கிவிட்டோம் என்ற எண்ணமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பெரிய பரிசு ஏன் ஏழாம் கட்டத்தில் இருக்கிறது, ஐந்திலோ ஒன்பதிலோ ஏன் இல்லை? ஒரு வாரம் என்பது இயல்பான அளவு என்று வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிர்வாகம் கேட்கும் எண்ணும் ஏழாம் நாளுடையது என்பதை மறந்துவிட முடியாது. அளக்கும் இடத்திலேயே பரிசை வைத்துவிட்டு, அளந்து மகிழ்கிறோம். பரிசுக்காக வந்தவர் பெட்டியைத் திறந்துவிட்டு ஓர் ஆட்டம்கூட ஆடாமல் போனாலும் அவர் ஏழாம் நாளில் திரும்பியவர்தான். அதனால்தான் என்னிடம் யாராவது ஏழாம் நாள் விகிதத்தைப் பெருமையாகக் காட்டினால் எட்டாம் நாளைக் கேட்கிறேன். இரண்டுக்கும் இடையில் பள்ளம் இருந்தால், வந்தது விளையாட்டுக்காக அல்ல என்று தெரிந்துவிடும். அன்றைக்குத் திறந்தவர்களில் எத்தனை பேர் ஓர் ஆட்டமாவது ஆடினார்கள் என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. அதைக் கேட்டதும் கூட்டத்தில் யாராவது ஒருவர் தண்ணீர் குடிப்பார்.

அறிவிப்புகளின் கதையும் இதுவே. 'உங்கள் கோட்டை உங்களைத் தேடுகிறது' என்று மணி அடித்தால் ஒருவர் திறந்து மூடுவார், கணக்கில் ஏறும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டாக வேண்டும் என்றானது, ஆப்பிளில் அது முன்பிருந்தே உண்டு. வரவேற்கத்தக்க மாற்றம். அனுமதி கேட்கும் அந்த நொடியில் விளையாட்டு தன்மேல் எவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். திறந்த மூன்றாவது விநாடியிலேயே கேட்பவர்களுக்கு மறுப்புதான் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும்.

தக்கவைப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் சில அருமையான விளையாட்டுகளுக்கு உலகத்தில் இடமே இருந்திருக்காது. லண்டனின் அஸ்டூ 2014இல் வெளியிட்ட மான்யுமெண்ட் வேலியில் பத்தே அத்தியாயங்கள். ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும். விலை கொடுத்து வாங்கி, முடித்து, மனநிறைவோடு மூடி வைத்தவர் எங்கள் அட்டவணையில் 'விட்டுப்போனவர்'. அமாங் அஸ் 2018இல் வந்தபோது வெகு சிலரே ஆடினார்கள். 2020இல் உலகம் வீட்டுக்குள் அடைபட்டு, ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஒளிபரப்பாளர்கள் அதைக் கையிலெடுத்தபிறகு அது உலகெங்கும் பரவியது எல்லோருக்கும் தெரியும். பெரிய நிறுவனத்தின் கையில் இருந்திருந்தால் 2018 முடிவதற்குள் அதை மூடியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். மூடுவதே தவறு என்பதில்லை. சூப்பர்செல் தன் ரஷ் வார்ஸை 2019இல் சோதனை வெளியீட்டிலேயே மூடியது. ஆனால் அதே நிறுவனம்தான் பிரால் ஸ்டார்ஸை 2017 ஜூனில் கனடாவில் சோதனைக்கு விட்டு, செங்குத்தாகப் பிடித்து ஆடும் விளையாட்டைப் படுக்கைவாட்டுக்கு மாற்றி, ஒன்றரை ஆண்டு பொறுமையாக இழைத்து 2018 டிசம்பரில் வெளியிட்டது. இரண்டுக்கும் அட்டவணை இருந்தது. எதை மூடுவது, எதை வளர்ப்பது என்று அட்டவணை சொல்லியிருக்காது. ஆடியவர்கள் சிரித்தார்களா, மறுபடி ஆடலாமா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்களா என்பதை யாரோ பார்த்திருக்க வேண்டும்.

வெளியே நடந்து திரிந்து ஆடும் போக்கிமான் கோ இன்னொரு மாதிரி. 2016 ஜூலையில் தெருவெல்லாம் கூட்டம், சில மாதங்களில் 'முடிந்துவிட்டது' என்று எல்லோரும் எழுதினார்கள். 2018 ஜனவரியிலிருந்து மாதம் ஒருமுறை சமூக தினம் என்று ஒரு நாளை ஒதுக்கினார்கள். அந்தச் சில மணி நேரம் பூங்காவில் நண்பர்களோடு நடந்து, போக்கிமான் பிடித்து, அடுத்த மாதம்வரை செயலியைத் தொடாதவர்கள் உண்டு. தினசரிக் கணக்கில் அவர்கள் அநேகமாக இல்லாதவர்கள். ஆண்டுக் கணக்கில் அவர்களைவிட விசுவாசிகள் கிடையாது. மாதம் ஒருமுறை வருபவரைத் தினமும் வரவைக்கத் துரத்தினால், இருக்கும் அந்த ஒரு நாளையும் இழப்பதுதான் மிச்சம்.

இப்போதெல்லாம் நான் அதிக நேரம் பார்ப்பது அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்துத் திரும்புபவர்களைத்தான். தேர்வு முடிந்திருக்கும், கைக்குழந்தை கொஞ்சம் வளர்ந்திருக்கும், புதுக் கைப்பேசி வாங்கியிருப்பார்கள். யாரும் அழைக்காமல் தாமாக வருகிறார்கள். அவர்களுக்கு முதல் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். 'மீண்டும் வருக' என்று ஒரு பெட்டி, அதன்மேல் பருவச் சீட்டு (சீசன் பாஸ்) விற்கும் பெட்டி, தள்ளுபடிப் பெட்டி, புதிய நிகழ்வு, நிபந்தனைகள் மாறிவிட்டன என்று ஒரு நீண்ட அறிவிப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் சிறிய பெருக்கல் குறியைத் தேடித் தொட்டு மூடிக்கொண்டே போகிறார். ஒருவழியாகத் தன் ஊருக்குள் நுழைந்து கிளான் பக்கத்தைத் திறந்தால், நீண்ட நாள் வராததால் நீக்கப்பட்டிருக்கிறார். நீக்கியவர்கள்மேல் பிழையில்லை, ஐம்பது இடங்களில் ஒன்றை வராதவருக்கு எத்தனை நாள் காலியாக வைத்திருப்பார்கள்? ஆனால் அவர் தேடி வந்தது அந்த மனிதர்களை. விளையாட்டு அவருக்கு ஆயிரம் நாணயங்களைக் கொடுக்கிறது.

பழைய கூட்டாளிகளில் இன்றும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் எந்தக் கிளானில் இருக்கிறார்கள் என்று முதல் திரையிலேயே காட்டுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. அந்தத் தகவல் சர்வரில் ஏற்கனவே இருக்கிறது, இரண்டு பொறியாளர்கள் சில வாரங்களில் செய்துவிடலாம். இதை நான் பல திட்டக் கூட்டங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் எந்தக் கட்டத்திலும் இதனால் எண் ஏறாது என்பதால், ஒவ்வொரு முறையும் அது அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகிறது.